நூறு சதவீதக் கதவு

சிவப்பு எரிந்தது.

தலைமை நர்ஸ் கட்டை விரலை எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு.

"காலையிலருந்து கை கழுவிக்கிட்டே இருக்கேன். ரேகையே அழிஞ்சு போச்சு போல" என்றார், பொதுவாகக் கதவைப் பார்த்து.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரின் கால், போர்வைக்குள் எதையோ அழுத்தி மிதித்தது. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு வாத்தியார். ஓட்டப் பழகுகிறவர் தடுமாறும்போதெல்லாம், பக்கத்து இருக்கையில் தனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை அவர் கால் தானாகத் தேடும். ஸ்ட்ரெச்சரிலும் பிரேக் உண்டு. ஆனால் அது தள்ளுகிறவர் பக்கம் இருந்தது.

"உள்ளே போயிடலாமா சிஸ்டர்?"

"தாராளமா. கதவு திறக்கட்டும்."

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவு முழுவதும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆபரேஷன் தியேட்டர், நோயாளி அறைகள் எல்லாம். பழைய தியேட்டரை இடித்துக் கேண்டீனைப் பெரிதாக்கியாயிற்று. ஆகவே வேறு வழி கிடையாது. கதவைப் போட்டவர் டைரக்டர். அதோடு ஒரு விதியையும் போட்டார். உறுப்பு கொடுக்க வருகிறவர் தனியாக உள்ளே போகக் கூடாது. அவரோடு ஒரு 'தான நண்பர்' போக வேண்டும். நண்பர் ஆஸ்பத்திரி ஊழியராக இருக்க வேண்டும். தான் இறந்த பிறகு தன் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். கதவோரக் கருவியில் நண்பர் கட்டை விரலை வைத்ததும் அது பதிவைத் தேடிப் பார்க்கும். பதிவு இருந்தால் பச்சை எரியும்; விரல் ஊழியருடையதாகவும் இருந்தால் கதவு திறக்கும். பதிவு இல்லாவிட்டால் சிவப்பு.

"எங்கள் ஊழியர்களில் நூறு சதவீதம் பேர் பதிவு செய்தவர்கள். இனி இங்கே ஒவ்வொரு விரலும் ஒரு சாவி" என்று திறப்பு விழாவில் டைரக்டர் பேசினார். எல்லோர் சட்டையிலும் பச்சை இதயம் போட்ட பேட்ஜ் மின்னியது. விருந்தினர்கள் தடையில்லாமல் போய்வர வேண்டுமே என்று அன்று முழுவதும் கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதனால் யாரும் விரல் வைக்க நேரவில்லை.

வாத்தியார்தான் முதல் போணி.

ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் விரல் வைத்தார். சிவப்பு. மயக்க மருந்து டாக்டர் வைத்தார். சிவப்பு. லேப்காரர்கள், பயிற்சி டாக்டர்கள், எக்ஸ்ரே எடுப்பவர், வரிசையில் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்ற ஒரு பிசியோதெரபிஸ்ட், எல்லோருக்கும் சிவப்பு. கடைசியில் பெரிய சர்ஜன் வந்தார். கைகள் இரண்டையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"நான் கிளவுஸ் போட்டுட்டேன். கழட்டினா மறுபடி முதல்லருந்து கழுவணும்" என்றார்.

சர்ஜனும் வெளியே, நோயாளியும் வெளியே, கொடுப்பவரும் வெளியே. கதவுக்கு அந்தப் பக்கம் தியேட்டர் விளக்கு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது.

அன்று மதியமே 'விரல் ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், தோல் டாக்டர்.

*

வாத்தியாரின் அக்கா டயாலிசிஸ் வார்டில் படுத்திருந்தாள். தையல்கடை வைத்திருப்பவள். பேச்சிலும் கத்தரிக்கோல் இருக்கும்.

"என்னடா, போன வேகத்துல திரும்பிட்ட? உன் கிட்னியப் பார்த்துட்டு வேணாம்னுட்டாங்களா?"

"கதவு திறக்கலக்கா."

"ஏன், லைசென்ஸ் கேட்டுச்சா?"

அவர் விவரம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கழுத்தில் சொருகியிருந்த குழாயை, பட்டன் சரியாகத் தைத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தடவினாள். கை நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. இப்போது கழுத்து. இதுவும் அடைத்துக்கொண்டால் குழாய் போட உடம்பில் இடம் தேட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேடினால் கிடைக்குமா என்று அக்கா கேட்டதற்கு, அவர் உடனே செல்போனை எடுத்துப் பார்த்திருந்தார்.

"பதிவு பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? நாம பண்ணோமே, கீழ மேஜையில" என்றாள்.

பண்ணியிருந்தார்கள். முதல்நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். 'வாங்க மட்டும் வந்தா எப்படிடா. குடுக்கவும் பேர் குடுத்துடுவோம். என்கிட்ட எது உருப்படியா மிஞ்சுதோ எடுத்துக்கட்டும்' என்றாள். விரல் வைத்து, பெயர் சொல்லி, முடிந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"இத்தனை பெரிய ஆஸ்பத்திரில ஒருத்தர்கூடவா பண்ண மாட்டாங்க? போய்க் கேளு. பொண்ணு கேக்கற மாதிரி பதவிசா கேளு."

கொடையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. வெளியே போனால் கிருமி தொற்றிக்கொள்ளும். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அங்கே கிருமி இல்லை என்று நோட்டீஸ் இருந்தது. முதுகுப் பக்கம் நாடா கட்டும் ஆஸ்பத்திரி அங்கி. ஒரு கையால் பின்பக்கத்தை இழுத்துப் பிடித்தபடி வாத்தியார் மாடி மாடியாகக் கிளம்பினார்.

பெரிய சர்ஜன் அன்பாக உட்காரச் சொன்னார்.

"உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். நான் பதிவு பண்ணிடறேன்னு வைங்க. நாளைக்கு எனக்கு ஒரு ஆக்சிடென்ட். எங்க கொண்டு வருவாங்க? இங்கதான். யார் பார்ப்பாங்க? நான் டிரெயினிங் குடுத்த பசங்க. அவனுங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன்னு எனக்குத்தானே தெரியும்."

"அப்ப எனக்கு ஆபரேஷன் பண்ணப்போறது யார் சார்?"

"அதே பசங்கதான். நீங்க ஏன் பயப்படறீங்க, உங்களுக்கு நான் கூட இருப்பேன். எனக்குத்தான் நான் கூட இருக்க முடியாது."

வாத்தியாரின் கால் தரையை அழுத்தியது. தரை அழுந்தவில்லை.

தலைமை நர்ஸ் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டே பேசினார். "எனக்கு ஆசைதான். எங்க வீட்டுக்காரரக் கேக்கணும். அவர் அவங்க அம்மாவக் கேப்பாரு. அவங்க என்னைத்தான் கேப்பாங்க, நீ நர்ஸாச்சே, இதெல்லாம் நல்லதான்னு. நான் என்னத்தச் சொல்ல? கண்ணைக் குடுத்துட்டுப் போய் அடுத்த ஜென்மத்துல தட்டுத் தடுமாறினா யாரு பொறுப்பு? ஆனா ஒண்ணு சார், பேஷண்ட் வீட்டுக்காரங்ககிட்ட இதப் பத்தி நான் பேசினேன்னா கல்லும் கரையும். போன மாசம் ஒரு குடும்பமே அழுதுக்கிட்டு சரின்னாங்க. நானும் அழுதேன்."

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் மேடம் பள்ளி, கல்லூரி, கல்யாண மண்டபம் என்று எங்கும் போய்ப் பேசுகிறவர். அவர் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்தவர்கள் ஏராளம். கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல கேள்வி. ஒருங்கிணைப்பாளர்னா யாரு? கிரிக்கெட்ல நடுவர் மாதிரி. நடுவர் பேட்டைப் பிடிச்சு ஆடலாமா?"

"ஆடக் கூடாது மேடம்."

"பாருங்க, நீங்களே சொல்றீங்க."

பார்க்கிங் பக்கம் பேட்ஜ் இல்லாத ஒரே ஆள், கதவுக் காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டி, பீடியை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "நான் காண்ட்ராக்ட் ஆளுங்க. வேற கம்பெனி. நண்பர் ஆகறதுக்கு எனக்குத் தகுதி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் வருத்தத்தோடு.

ஒரே ஒருத்தர் அகப்பட்டார். காது மூக்குத் தொண்டை டாக்டர். வேலைக்குப் புதிது, இன்னும் யாருக்கும் பயப்படப் பழகவில்லை. "அவ்வளவுதானே, வாங்க" என்று வாத்தியாரோடு கீழே இறங்கிப் பதிவு மேஜைக்கு வந்தார்.

மேஜைக்காரர் பேட்ஜைப் பார்த்தார். "ஊழியரா? முடியாதே சார். ஊழியர்கள் நூறு சதவீதம் முடிஞ்சிருச்சு. உங்களையும் சேர்த்தா நூறுக்கு மேல போயிடும். கம்ப்யூட்டர் ஒத்துக்காது."

"நான் இன்னும் பண்ணலையேங்க."

"பண்ணிட்டீங்க சார். பேட்ஜ் போட்டிருக்கீங்களே."

அன்று சாயங்காலமே அந்த டாக்டர் நகரின் மறுமுனையில் உள்ள கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கே காது மூக்குத் தொண்டைப் பிரிவு இல்லை.

*

டைரக்டர் வாத்தியாரைத் தானே கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அந்தக் கதவின் சாவி.

வாத்தியாரின் கண் அதிலேயே நின்றது.

"பார்த்தீங்களா, சாவி இருக்கு. நான் எதையும் மறைக்கறவன் இல்ல" என்றார் டைரக்டர். "ஆனா இதைப் போட்டுத் திறந்தா, 'நண்பர் இல்லாமல் திறக்கப்பட்டது'ன்னு கருவி மேலிடத்துக்குத் தானா சொல்லிடும். வெள்ளிக்கிழமை நமக்கு நூறு சதவீத விருது குடுக்க வர்றாங்க. விருது வாங்கற கையால நான் இந்தக் காரியத்தப் பண்ணலாமா?"

"யாராவது ஒருத்தர் பதிவு பண்ணிட்டா…"

"அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. இன்னைக்கு ஒருத்தர் பதிவு பண்ணா, நேத்துவரைக்கும் பண்ணலைன்னு ஆயிடும். நாங்க பண்ணிட்டோம். பண்ணினதைத் திரும்ப எப்படிப் பண்றது?"

"எப்ப சார் பண்ணீங்க?"

"ஆடிட்டோரியத்துல. எல்லாரையும் உட்கார வெச்சு, சம்மதிக்கறவங்க கையத் தூக்கிட்டுச் சாப்பிடப் போகலாம்னு சொன்னேன். ஒருத்தர் பாக்கியில்லாம தூக்கினாங்க. போட்டோவே இருக்கு. அதுல ரெண்டு கையத் தூக்கினவங்களும் இருக்காங்க." டைரக்டர் குரல் தழுதழுத்தது. "அந்த உணர்ச்சிய ஒரு மெஷின் சந்தேகப்படுதுன்னா, நாம எப்படிப்பட்ட காலத்துல வாழறோம்."

அப்போது அங்கே நின்றிருந்த ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. நண்பர் பதிவு செய்த ஊழியராக இருக்க வேண்டும், அவ்வளவுதானே? வாத்தியார் பதிவு செய்தவர். அவரை ஊழியராக்கிவிட்டால்? அவருக்கு அவரே நண்பர். தானே தன்னை அழைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

எல்லோரும் மேடத்தைப் பாராட்டினார்கள். வாத்தியாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கழுத்தில் குழாயோடு படுத்திருக்கிற அக்காவை நினைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வெள்ளைக் கோட்டு வந்தது. பச்சை இதயம் வந்தது. கதவுக்கு ஓடினார். விரலை வைத்தார்.

பச்சை.

கதவு, நெடுநாள் அடக்கிய மூச்சை விடுவதுபோலத் திறந்தது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்காவக் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

பெரிய சர்ஜன் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விஷயம். நீங்க இப்ப ஊழியர். ஊழியர்கிட்டருந்து உறுப்பு எடுக்கக் கூடாதுன்னு நம்ம விதி. நிர்வாகம் மிரட்டி வாங்கிடுச்சுன்னு நாலு பேர் பேசுவாங்க பாருங்க."

"யாரும் மிரட்டலையே."

"மிரட்டப்பட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப இந்த வேலைய விட்டுடறேன்."

"விடலாம். ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். அதுக்கும் முன்னாடி வேலை நிரந்தரம் ஆகணும். நிரந்தரம் ஆகாத வேலைய எப்படி விடுவீங்க?"

திறந்த கதவு மெதுவாக, மரியாதையோடு, தானே மூடிக்கொண்டது. வாத்தியாரின் கால் இல்லாத பிரேக்கை முழு அழுத்தத்தில் மிதித்தது. ஒன்றும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மாடியில் யாருக்குக் கதவு திறக்க வேண்டுமென்றாலும் வாத்தியாரைத்தான் தேடினார்கள். தியேட்டரைப் பெருக்கப் போகிறவர்கள், ஏசி மெக்கானிக், உள்ளே குடையை மறந்துவிட்ட மேடம். ஓடி ஓடித் திறந்துவிட்டார். தானும் கூடவே போய்த் தியேட்டர் மேஜையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வேலை கிடைச்சுதாமே" என்றாள் அக்கா. சிரிக்க முயன்றாள், கழுத்து வலித்தது. குழாயில் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். "கோட்டு தோள்ல தொங்குது. கழட்டிக் குடு, பிடிச்சுத் தரேன்."

"அக்கா, என்ன பண்றதுன்னே தெரியல. வெள்ளிக்கிழமை விழாவுல நான் விரல் வெச்சுத் திறந்துட்டா, மறுநாளே என்னை விட்டுடறேன்னு டைரக்டர் சொல்றாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"கையத் தூக்கிச் சத்தியம் பண்ணாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவர் எழுந்தபோது, "என்னையும் விழாவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுடா. பேஷண்ட் ஒருத்தி முன்வரிசையில இருந்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு சொல்லு" என்றாள்.

டைரக்டருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது.

*

கதவு முன்னால் பந்தல் மாதிரி பூ அலங்காரம். கேமராக்கள். விருது கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓரமாக, கோட்டு மாட்டிய வாத்தியார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அக்கா. கழுத்துக் குழாயை மறைக்க அவளுக்கு ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள். அவள் அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டைரக்டர் பேசினார். "இங்கே நீங்கள் கதவைத் தட்ட வேண்டாம். எங்கள் ஊழியர் யாராவது ஒருவரின் கையைப் பிடியுங்கள். அந்தக் கை ஏற்கெனவே உங்களுக்குக் கொடுக்கப்பட்ட கை. இதோ, எங்கள் ஊழியர்களில் ஒருவர்…"

வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்." அக்காவின் குரல். மெலிதான குரல்தான். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. "நான் பேஷண்டுங்க. உங்க கைராசியப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. இந்தக் கதவு உங்க கையால திறந்தா நான் பொழச்சுக்குவேன்னு மனசு சொல்லுது. பெரிய மனசு பண்ணுங்கய்யா."

கூட்டம் நெகிழ்ந்துபோய்க் கைதட்டியது. விருந்தினர் தலையசைத்து, "அம்மா சொல்றது சரிதான். நீங்களே திறங்க" என்றார்.

"இல்ல… ஊழியருக்குத்தான் அந்தப் பெருமை…"

வாத்தியார் ஒதுங்கி வழிவிட்டார். பல வருடமாக எத்தனையோ பேரிடம் சொன்ன அதே குரலில் சொன்னார். "நீங்களே எடுங்க சார். பயப்படாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

டைரக்டர் விரலை வைத்தார். சிவப்பு.

சர்ஜனைப் பார்த்தார். இன்றைக்குக் கிளவுஸ் இல்லை. சிவப்பு. மேடம். சிவப்பு. தலைமை நர்ஸ் தானாகவே வந்து வைத்துவிட்டு, தானாகவே போய் நின்றுகொண்டார். சிவப்பு.

கேமராக்கள் ஒவ்வொரு சிவப்பையும் படம் பிடித்தன. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். விருதுக்காக மறைக்க இனி ஒன்றுமில்லை; டைரக்டர் சாவியைத்தான் எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"பார்த்தீர்களா?" என்றார். "சிவப்பு. ரத்தத்தின் நிறம். தியாகத்தின் நிறம். ஒருவர் தவறாமல் சிவப்பு. இதைவிடப் பெரிய நூறு சதவீதம் உலகத்தில் உண்டா?"

இரண்டு நொடி தயக்கம். பிறகு சர்ஜன் கைதட்டினார். மேடம் தட்டினார். விருந்தினர் தட்டினார். அதற்குப் பிறகு தட்டாதவர்கள் இல்லை.

"அப்ப பச்சை எதுக்கு?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"பச்சை, வெளியாட்களுக்கு" என்றார் டைரக்டர். "எங்களைச் சேராதவர்களைக் கருவி கண்டுபிடித்துவிடும். நாளை முதல் சிவப்பு எரிந்தால் கதவு திறக்கும். இந்த அம்மாவின் ஆபரேஷன்தான் முதல் ஆபரேஷன்."

விருது கொடுக்கப்பட்டது. அதே மேடையில் வாத்தியார் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பச்சை எரிகிற ஆளை எப்படி ஊழியராக வைத்துக்கொள்வது?

அக்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "டேய், நான் நினைச்சது ஒண்ணு. நடந்தது ஒண்ணு."

"ஆபரேஷன் நடக்குதுல்லக்கா."

"நடக்குது. அதான்டா பயமா இருக்கு."

*

நடந்தது. நன்றாகவே நடந்தது. கிருமிகள் இல்லாத அந்தத் தியேட்டருக்கு வாத்தியாரைத் தள்ளிக்கொண்டு போக அன்று ஆஸ்பத்திரியே முன்வந்தது. நண்பராக இருக்க அடிதடி. தலைமை நர்ஸ் ஜெயித்தார். விரல் வைத்தார். சிவப்பு எரிந்தது. கதவு திறந்தது.

"சொன்னேன்ல சார், அன்னைக்குக் கை கழுவிக் கழுவி ரேகை அழிஞ்சிருந்துச்சு" என்றார்.

மயக்கம் வருகிற கடைசி நொடியில் வாத்தியாரின் கால் பிரேக்கைத் தேடவில்லை.

அவர் முதலில் வீடு திரும்பினார். அக்கா பிறகு. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்த அன்று, வாத்தியார் ஒரு லேப்காரரின் பின்னாலேயே கதவுக்குள் நுழைந்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவுக்கு இந்தப் பக்கமும் ஒரு கருவி.

பழக்க தோஷம். விரலை வைத்தார். பச்சை. கதவு அசையவில்லை.

"நகரு, நான் வைக்கறேன்" என்று அக்கா வைத்தாள். பச்சை.

உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி எழுந்து வந்தார். "அண்ணே, அது உங்களுக்குத் திறக்காதுண்ணே."

"நீங்க வைங்களேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் திறக்காது. அன்னைக்கு விழாவுல அக்கா கழுத்துல அந்தக் குழாயப் பார்த்தேனா. மனசு கேக்கல. நேத்து டியூட்டிக்கு வரும்போது கீழ போய்ப் பதிவு பண்ணிட்டேன். உள்ள வர்றப்ப ஒரு டாக்டர் கூட வந்துட்டேன். அதுக்கப்புறம் வெளிய போக முடியல."

மூன்று பேரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் பச்சை இதயங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாத்தியார் கண்ணாடியைத் தட்டினார். தடிமனான கண்ணாடி. சத்தம் போகவில்லை.

"இப்ப என்னக்கா பண்றது?"

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கழுத்தைத் தாராளமாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பதறாத. நம்மள மாதிரி ஆளுக்குக் காத்திருந்தப்பதான் கஷ்டப்பட்டோம். கதவத் திறக்கற ஆளுக்கா இந்த ஆஸ்பத்திரில பஞ்சம்?"